வீடு என்னுடையது, விழுந்தவர் யாருடைய ஆள்?

கேள்வி: ஐயா, மண்ணூர்பேட்டையில் அப்பா கட்டிய ஒற்றைத் தள வீட்டின்மேல் முதல் மாடி எழுப்பிக்கொண்டிருக்கிறேன். பொருளும் கூலியும் சேர்த்து சதுரடிக்கு இவ்வளவு என்று ஒரு காண்ட்ராக்டரிடம் பேசி, அவருடைய லெட்டர்பேடில் கொட்டேஷன் வாங்கி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவர் சென்ட்ரிங் வேலையை இன்னொருவரிடம் விட்டார். அந்த இன்னொருவர் ஒடிசாப் பையன்களை வைத்து வேலை வாங்குகிறார். போன வாரம் அதில் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. அவர் பெயரே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "செலவில் பாதி ஹவுஸ் ஓனர் கொடுப்பது வழக்கம் சார்" என்கிறார் காண்ட்ராக்டர். "உங்க வீட்ல நடந்தது, கேஸ் உங்க மேலதான்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "காண்ட்ராக்ட் விட்டாச்சு, உங்களுக்கு என்ன மாமா?" என்கிறார் மைத்துனர். யார் சொல்வது சரி?
மண்ணூர்பேட்டை வாசகர்

பதில்: மூன்று பேரிடம் கேட்டு மூன்று விடை வாங்கியிருக்கிறீர்கள். நான்காவதாக என்னிடம் வந்திருப்பதால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைத்துனரின் விடை சரி, காரணம் தவறு. பக்கத்து வீட்டுக்காரரின் விடை தவறு, ஆனால் அவருடைய பயம் முழுக்க வீண் இல்லை. காண்ட்ராக்டர் சொல்லும் 'பாதி வழக்கம்' காண்ட்ராக்டர்களிடையே நிலவும் வழக்கம்தான். சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது.

பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து தொடங்குவோம், ஏனென்றால் ஊரில் பெரும்பாலோர் அவர் கட்சி. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் தலையில்தான் விழும் என்று நினைக்கிறார்கள். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பட்டாவைப் பார்ப்பதே இல்லை. விழுந்தவரை வேலைக்கு வைத்தது யார் என்றுதான் அது கேட்கிறது. 1923ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் காலத்தில் வந்த சட்டம் அது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. பெயர் மாறினாலும் நாம் பேசப்போகும் விதிகளின் உள்ளடக்கம் பெரும்பாலும் பழையதுதான்.

இந்தச் சட்டத்தின் சிறப்பு, இது யார் மேல் தப்பு என்று துருவுவதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்தால் வேலைக்கு வைத்தவர் பணம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். சாரம் ஒழுங்காகக் கட்டியிருந்தாரா, பையன் கைபேசி பார்த்துக்கொண்டிருந்தானா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். எந்தக் கட்டட வேலைக்கு இது பொருந்தும் என்றும் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு தளத்துக்கு மேல் உள்ள கட்டடம், அல்லது தரையிலிருந்து கூரை உச்சிவரை 12 அடியோ அதற்கு மேலோ உயரமுள்ள கட்டடம். உங்கள் முதல் மாடி தாராளமாக அந்த அளவுக்குள் வரும்.

அப்படியானால் வேலைக்கு வைத்தவர் யார்? முதல் ஆள் சென்ட்ரிங் சப் காண்ட்ராக்டர். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் சப் காண்ட்ராக்டர் என்பவர் பல நேரங்களில் ஒரு பைக்கும் கொஞ்சம் பலகையும் முட்டுக்கொடுக்கும் கழிகளும் மட்டுமே சொத்தாக உள்ளவர். விபத்து நடந்த மறுநாள் அவருடைய கைபேசி அணைந்துவிடும். இதைச் சட்டம் எழுதியவர்கள் நூறு வருடத்துக்கு முன்பே யோசித்து வைத்தார்கள். பழைய சட்டத்தின் 12ஆம் பிரிவு, தன் தொழிலின் பகுதியான ஒரு வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்த 'முதன்மையாளர்', அந்த இன்னொருவரின் ஆளுக்கும் தானே வேலைக்கு வைத்ததுபோல இழப்பீடு தர வேண்டும் என்றது. முதன்மையாளர் என்றால் சங்கிலியின் மேல் கண்ணியில் இருப்பவர். அவர் கொடுத்துவிட்டு, கீழே உள்ளவரிடம் திரும்ப வசூலித்துக்கொள்ளலாம். தொழிலாளி விரும்பினால் நேராகக் கீழே உள்ளவரிடமே கேட்கலாம், தெரிவு அவருடையது. புதிய தொகுப்பிலும் இதே ஏற்பாடு தொடர்கிறது.

இந்தப் பிரிவில் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிற சொற்கள் 'தன் தொழிலின் பகுதியான வேலை' என்பவைதான். உங்கள் காண்ட்ராக்டரின் தொழில் வீடு கட்டுவது. சென்ட்ரிங் அதில் ஒரு பகுதி. ஆகவே அவர் முதன்மையாளர். ஒடிசாப் பையனுக்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் தொழில் வீடு கட்டுவதா? இல்லை. நீங்கள் குடியிருக்கக் கட்டுகிறீர்கள். சங்கிலி உங்கள் காண்ட்ராக்டரோடு நின்றுவிடுகிறது. நீங்கள் அதற்கு வெளியே நிற்கிறீர்கள். பாதியும் இல்லை, கால்வாசியும் இல்லை.

நமக்குப் பக்கத்திலேயே இதன் மறுபக்கத்தைப் பார்த்திருக்கிறோம். போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்களே, அங்கே கட்டியது விற்பனைக்காக அடுக்குமாடி எழுப்பிய நிறுவனம். கட்டுவதே அவர்கள் தொழில். ஆட்களை எத்தனை கை மாற்றி எடுத்திருந்தாலும் 'என் ஆள் இல்லை' என்று அப்படி ஒரு நிறுவனம் நகர்ந்துவிட முடியாது. இடையில் ஒரு சிக்கலான ரகமும் உண்டு. மண்ணூர்பேட்டையில் அதைச் சொல்லாமல் விட முடியாது. தொழிற்பேட்டைப் பக்கம் என்பதால் போர்ஷன் போர்ஷனாகக் கட்டி வாடகைக்கு விடுபவர்கள் அங்கே அதிகம். வாடகை வருமானம் வியாபாரம்தானே என்று தொழிலாளி தரப்பு வக்கீல் வாதிட இடமிருக்கிறது. வாடகைக்கு விடுவது வியாபாரமாக இருக்கலாம், அதனால் கட்டுவது அவருடைய தொழிலாகிவிடாது என்பது என் கருத்து. ஆனால் இரண்டு மனை வாங்கி, கட்டி, விற்று, மறுபடி மனை வாங்குபவர் இந்த நிழலில் ஒதுங்க முடியாது.

சரி, மைத்துனரின் காரணம் ஏன் தவறு என்றேன்? 'காண்ட்ராக்ட் விட்டாச்சு' என்பது எல்லா வீட்டுக்காரர்களும் சொல்வது. விட்டது உண்மையிலேயே காண்ட்ராக்டா என்பதுதான் கேள்வி. நீங்கள் பொருளோடு முழு ஒப்பந்தம் போட்டீர்கள், தப்பித்தீர்கள். இதே தெருவில் இன்னொருவர் 'லேபர் காண்ட்ராக்ட்' விட்டிருப்பார். சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட் எல்லாம் அவரே வாங்கிப் போடுவார். மேஸ்திரி ஆள் மட்டும் கொண்டுவருவார். அதிலும் இரண்டு வகை. சதுரடிக் கணக்கில் மேஸ்திரிக்குப் பணம் போனால், எத்தனை பேரை வைப்பது, என்ன கூலி கொடுப்பது எல்லாம் அவர் பாடு. அவர் ஒப்பந்தக்காரர் என்று சொல்ல வலு இருக்கிறது. ஆட்கூலிக் கணக்கு என்றால் கதை மாறுகிறது.

அந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி ஒரு சின்ன நோட்டை நீட்டுவார். திங்கள்: கொத்தனார் 2, பெரியாள் 1, சித்தாள் 3. செவ்வாய்: கொத்தனார் 2, சித்தாள் 2, அரை நாள் மழை. புதன்: டீ, வடை 180. கீழே கூட்டல். வீட்டுக்காரர் சரிபார்த்து, "சித்தாள் எதுக்கு மூணு பேர், நாளைக்கு ரெண்டு போதும்" என்பார். பிறகு எண்ணிக் கொடுப்பார், அல்லது இப்போதெல்லாம் ஒவ்வொருவர் கைபேசிக்கும் நேராக ஜிபே செய்வார். அந்த நோட்டும் அந்த ஜிபே பட்டியலும் இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் ஆணையர் முன்னால் போனால், அங்கே மேஸ்திரி ஒப்பந்தக்காரர் அல்ல, ஆட்களுக்குத் தலைவர் மட்டுமே. எத்தனை பேர் வேண்டும் என்று முடிவு செய்து, கூலி நிர்ணயித்து, நாள்கணக்கில் பணம் கொடுத்தவர் வீட்டுக்காரர். வேலைக்கு வைத்தவர் அவரே என்று ஆகிவிடும்.

முன்பு இப்படிச் சிக்கிக்கொள்ளும் வீட்டுக்காரருக்கு ஓர் ஓட்டை இருந்தது. தற்காலிகமாக, அதுவும் முதலாளியின் தொழிலுக்காக அல்லாமல் வேலைக்கு வந்தவர் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள்ளேயே வரமாட்டார் என்று பழைய சட்டம் சொன்னது. வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர், ஓடு மாற்ற வந்தவர் எல்லாம் அதில் வெளியே போய்விடுவார்கள். 2000ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. இருபத்தைந்து வருடம் ஆகியும் இந்தச் செய்தி பல வீட்டுக்காரர்களை எட்டவில்லை. 'இரண்டு நாள் வேலைக்கு வந்தவர்தானே' என்ற பதில் இப்போது செல்லாது.

'அவர் காண்ட்ராக்டர், என் ஆள் இல்லை' என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்ற வழக்கு ஒன்று உண்டு; தொழிலாளர் வழக்கு நடத்தும் எல்லோருக்கும் அது மனப்பாடம். ஒடிசாவில் ஜெய்ப்பூர் என்று ஓர் ஊர் (ராஜஸ்தான் ஜெய்ப்பூர் அல்ல). அங்கே ஒரு சினிமா கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் 1968 ஜூலையில் கீழே விழுந்து இடது கையை இழந்தார். கொட்டகை முதலாளி, அவர் தற்காலிக ஒப்பந்தக்காரர் என்றும், விழுந்தது அவருடைய கவனக்குறைவு என்றும் சொன்னார். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தச்சர் பக்கம் நின்றது. ஒரு கை போனால் தச்சு வேலையே போயிற்று, ஆகவே சம்பாதிக்கும் திறன் முழுவதும் போனதாகவே கணக்கு. இழப்பீடு விபத்து நடந்த அன்றே கொடுக்க வேண்டிய கடன். வழக்கு முடியும்வரை காத்திருக்கும் உரிமை முதலாளிக்கு இல்லை. தொகை 9,800 ரூபாய். தாமதித்ததற்கு அதன்மேல் அபராதமும் வட்டியும் வந்தன.

இன்றைய கணக்கில் தொகை எவ்வளவு என்று தெரிந்தால் சனிக்கிழமை நோட்டைக் கொஞ்சம் பயத்தோடுதான் பார்ப்பீர்கள். மரணம் என்றால் மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கு ஏற்ற ஒரு பெருக்கெண்ணால் பெருக்குவார்கள். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய் வரைதான் என்று 2020 ஜனவரியில் வரம்பு வைத்தார்கள். நாற்பது வயதுக்காரருக்குப் பெருக்கெண் 184.17. ஆக 7,500 பெருக்கல் 184.17, ஏறக்குறைய 13 லட்சத்து 81 ஆயிரம். முப்பது வயது என்றால் 15 லட்சத்து 59 ஆயிரத்தைத் தாண்டும். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, நியாயமான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதிவரை அபராதம். "அவர் குடித்திருந்தார்" என்பது வீட்டுக்காரர்களும் காண்ட்ராக்டர்களும் கடைசியாக வைக்கும் சீட்டு. காயம் சிறிது என்றால் அது ஓரளவு எடுபடும். மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் அந்த வாதத்தைச் சட்டமே ஏற்பதில்லை.

உங்கள் பையனுக்கு நேர்ந்தது தற்காலிக ஊனம் என்ற வகை. மாதச் சம்பளத்தில் கால் பங்கு, பதினைந்து நாளுக்கு ஒரு முறை. உச்சவரம்பில் வைத்தால் முறைக்கு 3,750 ரூபாய். நடக்க மூன்று மாதம் ஆனால் ஆறு முறை. மருத்துவச் செலவு உண்மையில் எவ்வளவு ஆனதோ அது தனி. இதெல்லாம் காண்ட்ராக்டர் அல்லது சப் காண்ட்ராக்டரின் பாக்கி. அவர் 'பாதி' கேட்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

இதுவரை பேசியது இழப்பீட்டுச் சட்டம் மட்டும். பக்கத்து வீட்டுக்காரரின் பயம் முழுக்க வீண் இல்லை என்றேனே, அது வேறு வாசல். இழப்பீட்டுச் சட்டத்தின்படி நீங்கள் முதலாளி இல்லாவிட்டாலும், உங்களுடைய சொந்தக் கவனக்குறைவுக்கு நீங்கள் பொறுப்பு. மொட்டை மாடிக்குப் பக்கத்தில் மின்கம்பி போகிறது, அதைச் சொல்லாமல் விட்டீர்கள். பழைய சுவர் விரிசல் விட்டிருப்பது தெரிந்தும் அதன்மேல் சாரம் சாய்க்கச் சொன்னீர்கள். காசு மிச்சம் என்று முட்டுக் கழிகளைச் சீக்கிரம் பிரிக்கச் சொன்னீர்கள். இவற்றில் ஏதாவது விபத்துக்குக் காரணமானால் ஒப்பந்தத் தாள் காப்பாற்றாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 290ஆம் பிரிவு, கட்டடத்தை இடிக்கும்போதோ பழுதுபார்க்கும்போதோ கட்டும்போதோ அது விழுந்து உயிருக்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறினால் ஆறு மாதம்வரை சிறை என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 'கட்டும்போது' என்ற சொல் இல்லை, புதிதாகச் சேர்த்தார்கள். அலட்சியத்தால் மரணம் என்றால் 106ஆம் பிரிவு, ஐந்து ஆண்டுவரை. போலீஸ் முதல் தகவல் அறிக்கையில் சில நேரம் வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்து எழுதிவிடும். பெயர் ஏறுவது வேறு, குற்றம் நிற்பது வேறு. ஆனாலும் ஸ்டேஷனுக்கு நடக்கும் கால் உங்களுடையதுதானே.

மின்கம்பியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கம்பி கட்டும் வேலையில் நீளக் கம்பியை மேலே தூக்கும்போது நேரும் விபத்துகள் கொடூரமானவை. வீடுகளுக்கு வரும் சாதாரண மின்கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர், மேலே 2.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. 11 கேவி உயரழுத்தக் கம்பி என்றால் மேலே 3.7 மீட்டர். மாடி எழுப்பும்போது தரைத்தளத்தில் போதுமாக இருந்த இடைவெளி போதாமல் போய்விடும். மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, கம்பியை நகர்த்தவோ அன்றைக்கு மின்சாரத்தை நிறுத்தவோ கேட்பது வீட்டுக்காரரால்தான் முடியும்; ஏனெனில் இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது.

அடுத்தது, காண்ட்ராக்டரிடம் விட்டாலும் கையைவிட்டுப் போகாத பொறுப்புகள். பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒருவர் இருப்பதால் இதைச் சொல்லியாக வேண்டும். 1876இல் தீர்ப்பான இங்கிலாந்து வழக்கு ஒன்றில், ஒருவர் தன் வீட்டை இடித்துக் கட்டக் காண்ட்ராக்ட் விட்டார். அடித்தளம் ஆழமாகத் தோண்ட வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டைத் தாங்கிப் பிடிப்பதும், சேதமானால் சரிசெய்து தருவதும் காண்ட்ராக்டர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். தாங்கல் போதவில்லை, பக்கத்து வீடு விரிசல் விட்டது. 'காண்ட்ராக்டரைக் கேளுங்கள்' என்றார் வீட்டுக்காரர். பக்கத்து நிலத்தின் ஆதாரத்தைக் காப்பது உன் கடமை, அதை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு நீ விலக முடியாது என்றது நீதிமன்றம். பௌவர் எதிர் பீட் என்ற அந்த வழக்கை இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். பிறருக்குச் செய்த தீங்குக்கு நட்டஈடு கேட்கும் வழக்குகளில் நம் நீதிமன்றங்களும் ஆங்கிலத் தீர்ப்புகளின் வழியைத்தான் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. மண்ணூர்பேட்டையில் சுவரும் சுவரும் ஒட்டிய மனைகள். அடித்தளம் பலப்படுத்தத் தோண்டினால், தோண்டுவதற்கு முன்பே பக்கத்து வீட்டுச் சுவரை ஒரு முறை படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய விரிசல் எது, புது விரிசல் எது என்ற தகராறு வராது.

எல்லாவற்றையும்விடக் கடுமையானது கழிவுநீர்த் தொட்டி. பழைய வீட்டின் தொட்டியை மூடவோ இடிக்கவோ காண்ட்ராக்டர் 'ஒரு ஆளை இறக்கி'ச் சுத்தம் செய்கிறேன் என்பார். அந்தக் கணமே வேலையை நிறுத்துங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், நேரடியாகவோ மறைமுகமாகவோ யாரையும் தொட்டிக்குள் அபாயகரமான வேலைக்கு இறக்கக் கூடாது என்கிறது. 'மறைமுகமாக' என்ற அந்தச் சொல் காண்ட்ராக்டர், சப் காண்ட்ராக்டர் எல்லாத் திரையையும் கிழித்துக்கொண்டு உங்கள் வாசலுக்கு வருகிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். ஆள் இறந்தால் 30 லட்ச ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. அதே ஆண்டு மே மாதம் மீஞ்சூரில் ஒரு தனியார் பள்ளியின் தொட்டியில் இறங்கிய இரண்டு தொழிலாளர்கள் இறந்தபோது பள்ளியின் தாளாளரும் கைதானார். லாரியும் குழாயும் கொண்டு உறிஞ்சுவது ஒன்றே வழி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த கடிதம் அதுவாகத்தான் இருக்கும். காண்ட்ராக்டர் உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு சென்ட்ரிங்காரருக்குக் கொடுக்கவில்லை என்றால், சென்ட்ரிங்காரர் உங்கள் வீட்டுவாசலில் வந்து உட்கார முடியுமா? உட்காரலாம், தெருவே வேடிக்கை பார்க்கும். ஆனால் சட்டப்படி அவருக்கும் உங்களுக்கும் ஒப்பந்தம் இல்லை. அமெரிக்காவில் அப்படி இல்லை. 1791இல் மேரிலாந்து மாநிலம், புதிய தலைநகரான வாஷிங்டனைக் கட்ட வந்தவர்களுக்காக ஒரு சட்டம் போட்டது. கூலி வராதவர் அந்தக் கட்டடத்தின் மேலேயே உரிமைப் பிடிப்பு வைக்கலாம். இன்று அது அங்கே எல்லா மாநிலங்களிலும் உண்டு. காண்ட்ராக்டருக்கு முழுப் பணமும் கொடுத்த வீட்டுக்காரர் சப் காண்ட்ராக்டருக்காக இன்னொரு முறை கொடுக்க நேர்வது அங்கே நடக்கிற கதை. அந்த ஏற்பாடு இந்தியாவில் இல்லை. அமெரிக்காவில் வீடு வாங்கிய உங்கள் உறவினர்கள் யாராவது பயமுறுத்தினால் கவலைப்பட வேண்டாம்.

இன்னொரு நம்பிக்கையையும் உடைக்க வேண்டும். வரைபட ஒப்புதலுக்குப் பணம் கட்டிய ரசீதில் தொழிலாளர் நல நிதி என்று ஒரு வரி இருக்கும், மதிப்பீட்டில் 1 சதவீதம். 'அதான் கட்டியாச்சே, அதிலிருந்து வாங்கிக்கொள்ளட்டும்' என்று சொல்பவர்கள் உண்டு. அது உங்களுக்கான காப்பீடு இல்லை. 1994 முதல் இயங்கும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்துக்குப் போகும் பணம் அது. வாரியம் கொடுக்கும் உதவி வேறு, முதலாளி கொடுக்க வேண்டிய இழப்பீடு வேறு. ஒன்று கிடைத்தால் மற்றது கழியாது. இருந்தாலும் உங்கள் வீட்டில் வேலை செய்யும் ஆட்களிடம் வாரிய அட்டை இருக்கிறதா என்று கேட்டு, இல்லாதவர்களைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். அதனால் உங்களுக்கு எந்தப் பொறுப்பும் ஏறாது.

உங்கள் பாதுகாப்புக்கு உண்மையில் தேவைப்படுவது தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு. பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் கிடைக்கும். காண்ட்ராக்டர் தன் பெயரில் எடுத்திருந்தால் அந்தத் தாளில் ஒரே ஒரு இடத்தைப் பாருங்கள். சப் காண்ட்ராக்டரின் ஆட்களையும் சேர்த்து எடுத்திருக்கிறாரா? பெரும்பாலும் இருக்காது. அதைச் சேர்க்கக் கூடுதலாகப் பிரீமியம் கட்ட வேண்டும், விட்டுவிடுவார்கள். லேபர் காண்ட்ராக்ட் விடும் உங்கள் தெரு நண்பருக்குச் சொல்லுங்கள், அவர் இதைத் தன் பெயரிலேயே எடுத்துக்கொள்ளலாம். வேலை முழுமைக்கும் ஆகும் பிரீமியம், நான் பார்த்தவரை, வீட்டுக்காரர் மெயின் கேட்டுக்குச் செலவு செய்யும் தொகையில் ஒரு சிறு பகுதிதான்.

இனி, இந்த வாரம் என்ன செய்வது. பையனை அரசு மருத்துவமனையில் காட்டியிருந்தால் விபத்துப் பதிவேட்டு நகல் இருக்கும், ஏ.ஆர். காப்பி என்பார்கள். 'குளியலறையில் வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லச்சொல்லி அதில் எழுதவைப்பது காண்ட்ராக்டர்களின் பழைய பழக்கம். நீங்கள் அதற்குத் துணைபோக வேண்டாம். பிறகு உண்மை வெளியே வந்தால் முதலாளி இல்லாத நீங்கள் பொய்சாட்சி ஆவீர்கள். கொட்டேஷன் தாளையும், காண்ட்ராக்டருக்கு மட்டும் பணம் போன வங்கிக் கணக்கையும் பத்திரப்படுத்துங்கள். பையனைப் பார்க்கப் போகும்போது பழமும் கையில் கொஞ்சம் பணமும் கொடுக்கத் தோன்றினால் தாராளமாகக் கொடுங்கள். உதவியாகக் கொடுத்தது என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அவ்வளவு போதும். முத்திரைத் தாளில் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று காண்ட்ராக்டர் ஒரு ஒப்பந்தம் தயாரித்துக்கொண்டு வந்து உங்களையும் கையெழுத்துப் போடச் சொல்வார். போடாதீர்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. சமரசம் என்றால் ஆணையரிடம் பதிவாக வேண்டும். மரணம் நேர்ந்த வழக்குகளில் பணத்தையே ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும், குடும்பத்தின் கையில் கொடுத்தது பொதுவாக இழப்பீடாகக் கணக்கில் ஏறாது.

காண்ட்ராக்டர் அடுத்து யோசிப்பது அநேகமாக ரயில் டிக்கெட்டாக இருக்கும். ஊருக்கு அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்று. தீராது. தொழிலாளி தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. ஒடிசாவிலிருந்து நோட்டீஸ் வந்தால் அங்கே போய்த்தான் பதில் சொல்ல வேண்டும். அதை அவரிடம் இப்போதே எடுத்துச் சொல்லுங்கள், மருத்துவச் செலவையும் பதினைந்து நாள் தொகையையும் ஒழுங்காகக் கொடுக்க அதுவே போதுமான காரணம். அந்த நோட்டீஸில் உங்கள் பெயரும் எதிர்மனுதாரராக இருக்க வாய்ப்புண்டு. மனு எழுதும் வக்கீல் யாரையும் விடமாட்டார். அப்போது 'எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று தூக்கிப் போட்டுவிடாமல், கொட்டேஷன் நகலை இணைத்து, வேலை காண்ட்ராக்டருடையது, கட்டுவது என் தொழில் அல்ல என்று எழுத்தில் பதில் கொடுங்கள். ஆஜராகாதவர் மேல் ஒருதலையாக உத்தரவு போட ஆணையருக்கு அதிகாரம் உண்டு.